பெட்டிக்கு அடியில் கறள்: உழவு இயந்திரப் பெட்டிகளின் அடிப்பாகத்தைக் காப்பது எப்படி?

வன்னியில் ஒரு குடும்பத்துக்கு உழவு இயந்திரப் பெட்டி என்பது பொதி ஏற்றுகிற சாமான் மட்டுமல்ல. 2008 இன் நடுப்பகுதியிலிருந்து 2009 மே வரை தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கித் தள்ளப்பட்ட சனம், கூரைத் தகடு தொடங்கி நெல் மூட்டை வரை அதில்தான் ஏற்றிச் சென்றது. மழை பெய்தபோது மேலே தறப்பாளைக் கட்டி உள்ளே பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். ஷெல் விழுந்தபோது அதற்குக் கீழே ஊர்ந்தார்கள். கடைசியில் பெட்டியையும் விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர், எரிந்தும் கறள் பிடித்தும் கிடந்த சட்டகங்களில் சில உரியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. அவற்றை வெட்டி, ஒட்டி, புதுப் பலகை போட்டு இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பழைய பெட்டிகளுக்கும், பின்னர் லீசிங்கிலும் கடனிலும் வாங்கிய புதிய பெட்டிகளுக்கும் பொதுவான எதிரி கறள். அது முதலில் பிடிப்பது நாம் பார்க்காத இடத்தில், அதாவது அடிப்பாகத்தில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இரும்பும் பெயின்ற்றும் என்ன விலை விற்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெட்டியை வாடகைக்கு விட்டு வாழ்கின்ற, ஆண் துணையை இழந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் உக்கிப்போவது என்றால், அந்த அறுவடைக்கால வருமானமே போவதுதான்.

அடிப்பாகத்தைக் காப்பது என்றதும் எல்லோரும் கேட்பது, 'எதைப் பூசுவது?' என்பதைத்தான். தாரா, கழிவு ஒயிலா, ரப்பர் போன்ற கறுப்புப் பூச்சா என்று விவாதம் போகும். உண்மையில் பூச்சு கடைசி வேலை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, அது எப்படி வெளியேறும், அந்த இடம் எப்படிக் காயும் என்பவைதான் முதற்கேள்விகள். காய வழியில்லாத இரும்பின் மேல் தடிப்பாகத் தாரைப் பூசினால், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலையைத்தான் செய்யும். இரண்டு வருடம் கழித்துச் சுத்தியலால் தட்டினால் தார் அப்படியே பாளமாகக் கழன்று விழும். அதற்குப் பின்னால் இரும்பு இருக்காது.

கறள் பிடிக்க இரும்பும், தண்ணீரும், காற்றிலுள்ள ஒட்சிசனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். உப்பு கலந்த ஈரம் மின்னோட்டத்தை இலகுவாகக் கடத்துகிறது. கறள் பிடிப்பதும் ஒரு சிறிய மின்கலம் வேலை செய்வது போன்ற நிகழ்வுதான். அத்துடன், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது கறியுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். மாரிகால இரவுகளில் எங்கள் பகுதிகளின் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டும். ஆகவே முல்லைத்தீவுக் கரையிலோ ஆனையிறவுப் பக்கத்திலோ நிற்கிற பெட்டியில் உப்புப் படிந்திருந்தால், மழையே பெய்யாத இரவிலும் அது நனைந்துதான் நிற்கிறது.

அடுத்தது பசளை. எம்.ஓ.பி. என்று நாம் சொல்கிற பொட்டாசியப் பசளை வேதியியலில் பொட்டாசியம் குளோரைட். இரும்பைப் பொறுத்தவரை கறியுப்புக்கு நெருங்கிய சொந்தம். யூரியாவும் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். கிழிந்த உரப்பையிலிருந்து கொட்டுகிற ஒரு கைப்பிடி பலகை இடுக்கு வழியாக இறங்கி, குறுக்குச் சட்டத்தின் மேல்முகத்தில் போய் உட்காரும். அங்கே வெயிலும் படாது, துடைப்பமும் போகாது. மீன்பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரும், சாணி எரு ஏற்றும்போது கசிகிற ஈரமும் அதே வழியில்தான் போகின்றன. கீழிருந்து தெறிக்கிற சேற்றை நாம் கண்ணால் காண்கிறோம், அதனால் அதைக் குற்றம் சொல்கிறோம். ஆனால் அடிப்பாகத்தைத் தின்பதில் பெரும்பங்கு மேலிருந்து இறங்குகிறவற்றுக்கே.

இதற்கான மிக மலிவான காப்பு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பசளையோ உப்போ மீனோ ஏற்றும்போது பலகையின் மேல் ஒரு பழைய தறப்பாளை விரித்து, ஓரங்களை நாலு பக்கமும் சாண் அளவுக்கு மேலே மடித்துவிட வேண்டும். இறக்கி முடிந்ததும் தறப்பாளைத் தூக்கி உதற வேண்டும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டால் அடியில் ஈரம் நிற்கும். நெல் சிந்தாமல் இருக்க ஏற்கெனவே தறப்பாள் விரிக்கிறவர்கள்கூடப் பசளைக்கு விரிப்பதில்லை.

ஒரு பெட்டியின் கீழே போய்ப் பார்த்தால் கறள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. காற்றுப் படுகிற சமதளத்தில் மேலாக மட்டும் சிவந்திருக்கும். அது பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்துக் குறைவு. ஆபத்தான இடங்கள் வேறு. ஒன்று, பலகை வந்து படுத்திருக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்முகம். இன்னொன்று, வாய் மேலே பார்த்தபடி ஒட்டப்பட்ட சனல் இரும்பு. அது தொட்டி மாதிரி சேற்றைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இடுக்குகளும், முனை அடைக்காத பெட்டி வடிவக் குழாய்களும் அப்படித்தான். கறள் தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் இடுக்கில் பிடித்த கறள் இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிளக்கிறது. நேராக இருந்த தகடு போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் வயிறு வைத்துத் தெரிந்தால், உள்ளே இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சிறிய சுத்தியலால் சட்டத்தை நீளவாட்டில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உக்கியது மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரின் நுனியால் அழுத்திக் குத்திப் பார்க்கலாம். உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்குப் பெயின்ற் அடிப்பது வீண். வெட்டி எடுத்துப் புதுத் துண்டு ஒட்டத்தான் வேண்டும். பழையதின் மேலேயே ஒரு தகட்டை வைத்து ஒட்டுவதாக இருந்தால் நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். அங்கொன்று இங்கொன்றாகப் பொட்டு வைத்த ஒட்டு, புதிதாக ஓர் இடுக்கை உண்டாக்கிவிடும்.

கீழே படுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாரம் இல்லாத பெட்டியும் ஆளை நசுக்கப் போதுமானது. ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே போகக்கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பது எங்களிடம் பரவலான பழக்கம். ஆனால் உள்ளே வெறுமையான கல், பாரம் ஒரு புள்ளியில் இறங்கினால் எச்சரிக்கையே தராமல் நொறுங்கும். தடித்த மரக்குற்றிகளையே முட்டுக்கொடுக்க வேண்டும். லான்ட்மாஸ்டர் பெட்டி என்றால் கீழே படுக்கவே தேவையில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து, பலமான மரத்தில் கயிறு போட்டு, இழுவைச் சட்டம் வானத்தைப் பார்க்கும்படி பெட்டியைப் பின்பக்கமாக நிமிர்த்தி, இரண்டு இடங்களில் மரத்தோடு சங்கிலியால் கட்டிவிட்டால், முழு அடிப்பாகமும் ஒரு சுவரைப் போல முன்னால் நிற்கும். போரில் காலை இழந்தவர்களுக்கும், முதுகில் இன்னமும் சன்னத்தோடு இருப்பவர்களுக்கும் இப்படிச் செய்தால் இந்த வேலை தாங்களே செய்யக்கூடியதாகிவிடும். ஒரு கதிரையில் இருந்துகொண்டே சுரண்டலாம், பூசலாம். பெரிய உழவு இயந்திரப் பெட்டியை இப்படி நிமிர்த்த நினைக்க வேண்டாம். அதற்குக் கிடங்கு உள்ள கராச்தான் சரி.

நிமிர்த்தியதும் முதல் வேலை கழுவுவது. எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. உவர்க் கிணற்றுத் தண்ணீரால் உப்பைக் கழுவுவதில் பொருளில்லை. நல்ல தண்ணீர் கிணறோ குளமோ இல்லாதவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தாவது கடைசி அலசலைச் செய்ய வேண்டும். காய்ந்த சேற்றை முதலில் மரக்குச்சியால் கிண்டி எடுத்துவிட்டால் தண்ணீர் மிச்சம். சில்லின் மையத்துக்கு நேரே வேகமாகத் தண்ணீரை அடிக்காதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போய் கிறீஸைக் கெடுத்துவிடும். கரைவலைக்காகக் கடலோரத்தில் இறங்குகிற வாகனங்களுக்கு இதே ஆபத்து வேறொரு வழியில் வருகிறது. ஓடிச் சூடான சில்லின் மையம் திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, வெளியே இருக்கும் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சற்று நேரம் ஆறவிட்டு இறக்கினால் பெயாரிங் பிழைக்கும்.

கழுவிக் காய்ந்த பிறகு, துளை. வாய் மேலே பார்க்கும் சனலின் மிகத் தாழ்ந்த இடத்தில், சுண்டுவிரல் நுழையக்கூடிய ஒரு துளையைப் போட்டுவிட்டால் தொட்டி தொட்டியாக இராது. குழாய்ச் சட்டங்களுக்கும் அதே. முனையை அடைத்தால் முழுதாக, காற்றுக்கூடப் புகாமல் ஒட்டி அடைக்க வேண்டும். முடியாவிட்டால் இரு முனையையும் திறந்து விட்டு, கீழ்ப்பக்கம் வடிதுளை போட வேண்டும். பாதி அடைத்ததுதான் மோசம். துளையைச் சட்டத்தின் கீழ் விளிம்போரத்திலோ ஒட்டுக்குப் பக்கத்திலோ போடக்கூடாது. இழுவிசை அதிகம் வருகிற இடம் அது, வெடிப்பு அங்கிருந்து தொடங்கும்.

கம்பித் தூரிகையால் தேய்க்கும்போது உதிர்கிற கறள் எல்லாம் போக வேண்டும். இரும்போடு இறுகப் பிடித்திருக்கும் மெல்லிய பழுப்புப் படையை முழுக்க எடுக்க வீட்டில் முடியாது. அதற்குப் பொசுபோரிக் அமிலம் கலந்த கறள் மாற்றும் திரவம் உதவும். அது அந்தப் படையை இரும்புப் பொசுபேற்றாக மாற்றி அசையாமல் நிறுத்துகிறது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். கல்வனைசுப் பூசிய குழாயை ஒட்டினால் வருகிற வெள்ளைப் புகை நாகத்தின் புகை. அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று ஒட்ட வேண்டும், அல்லது ஒட்டுமிடத்தில் பூச்சை அராவி எடுத்துவிட வேண்டும்.

பிறகு ரெட் ஒக்சைட் இரண்டு கை, மெல்லிதாக. தடிப்பாக ஒரு கை அடிப்பதைவிட மெல்லிதாக இரண்டு கை அடிப்பதே நல்லது. மூலைகளையும் போல்ட் தலைகளையும் ஒட்டுக்களையும் முதலில் தூரிகையால் தனியே தொட்டுவிட்டு, பிறகு பரப்பை அடிக்க வேண்டும், ஏனென்றால் கூரான விளிம்பில் பெயின்ற் எப்போதும் மெலிந்துதான் நிற்கும். அதன் மேல் இனாமலோ, தார் சார்ந்த கறுப்புப் பூச்சோ போடலாம். வாடைக் காற்றுக் காலத்தில் இதையெல்லாம் செய்யாதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் இரும்பு நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் புழுதி பறக்கும். காலையில் பனி ஈரம் காய்ந்த பின், காற்று எழும்புவதற்கு முன் கிடைக்கிற அந்த இரண்டு மூன்று மணித்தியாலம்தான் வேலைக்கு உகந்த நேரம்.

பலகை விடயத்தில் ஒரு வேடிக்கை. சக்கரம் வைத்த பெட்டியின் மரத் தரையை எப்படிக் காப்பது என்று எம்மைவிட அதிகம் தலையைப் போட்டு உடைத்திருப்பவர்கள், காருக்குப் பின்னால் சிறிய படுக்கைப் பெட்டியை இழுத்துக்கொண்டு காட்டுக்கும் பாலைநிலத்துக்கும் போகிற அமெரிக்க, அவுஸ்திரேலிய உல்லாசப் பயணிகள். 1930களில் அமெரிக்காவில் பரவிய, கண்ணீர்த்துளி வடிவப் பெட்டிகள் அவை. பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள், தரை பெரும்பாலும் பிளைவூட். அவர்களுக்கு அது விடுமுறை. எம்மவர் பெட்டிக்குள் படுத்த காரணம் வேறு. ஆனால் ஈரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், அவர்கள் கண்டறிந்த முறை எங்களுக்கும் பொருந்தும். இரும்புச் சட்டத்தைத் தனியே முழுக்கப் பெயின்ற் அடித்துக் காயவிடுவார்கள். பலகையின் அடிமுகத்துக்குத் தண்ணீரில் கரைத்த தார்ப் பசையைத் தனியே பூசுவார்கள். வெட்டு முனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை மேலதிகமாகப் பூசுவார்கள். எல்லாம் காய்ந்த பிறகே இரண்டையும் பூட்டுவார்கள்.

வெட்டு முனை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மரம் உயிரோடு நிற்கும்போது தண்ணீர் ஏறிய குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பாலையோ முதிரையோ, எவ்வளவு வைரமான பலகையானாலும் உக்கத் தொடங்குவது முனையிலும் போல்ட் துளையிலும்தான். நாங்கள் செய்வது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. பலகையைப் பூட்டிய பிறகு கீழே போய் எட்டிய இடத்துக்கெல்லாம் தார் அடிக்கிறோம். மிக அவசியமான இடமான பலகைக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட முகம் வெறுமையாகவே இருந்துவிடுகிறது. இன்னும் சிலர் மேலே தகரத்தை விரித்து ஆணி அடித்து, கீழேயும் தார் பூசிவிடுவார்கள். ஆணித் துளையால் இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்தப் பலகை பூச்சே இல்லாத பலகையைவிடச் சீக்கிரம் உக்கும். கீழே பூசினால் மேலே விட்டுவிடுங்கள். மரம் ஒரு பக்கமாவது மூச்சு விட வேண்டும்.

கழிவு ஒயில் பற்றி நான் சொல்லப் போவது பலருக்குப் பிடிக்காது. வாகனம் கழுவுமிடங்களில் கழிவு ஒயிலையும் டீசலையும் கலந்து அடியில் விசிறுவது நெடுநாள் வழக்கம். அது தண்ணீரைத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் காயாது, புழுதியை ஈர்த்து, அந்தப் புழுதியில் பிறகு ஈரம் தங்கும், ரப்பர்ப் பாகங்களை ஊத வைக்கும். முதல் மழைக்கே கழன்று வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். சுன்னாகம் மின்நிலையப் பகுதியில் கிணறுகளில் ஒயில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது நினைவிருக்கும். சுண்ணக் கல்லுக்குள் இருக்கும் தண்ணீரை நம்பி வாழ்கிற குடாநாட்டில் ஒரு லீற்றர் கழிவு ஒயிலையும் மண்ணில் விடுவது தகாது. எண்ணெய்தான் வேண்டுமென்றால் கடற்கரைக்காரரைக் கேட்கலாம். மரத் தோணிகளுக்கு மீன் எண்ணெய் பூசுகிற பழக்கம் எங்களிடம் பழையது. றஸ்ட்-ஓலியம் என்ற அமெரிக்கப் பெயின்ற் கம்பனியே, கறள் பிடித்த கப்பல் தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் கறளை நிறுத்தியதை ஒரு மாலுமி கவனித்ததில் பிறந்து, 1921 இல் தொடங்கியது. நாற்றம் சில நாளைக்கு இருக்கும். ஊர் நாய்கள் பெட்டியைச் சுற்றுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடியில் தகட்டுக் கவசம் தேவையா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் இல்லை. கிரவல் வீதியின் கல்லும் காட்டு அடிக்கட்டையும் சனல் இரும்பை ஒன்றும் செய்யாது. ஆனால் பின்விளக்குக்குப் போகிற வயரை அறுக்கும். வயலில் அறுந்த வயரோடு பொழுதுபட ஏ9 வீதியில் ஏறுகிற விளக்கில்லாத பெட்டிதான் கறளைவிட அவசரமான ஆபத்து. வயரை ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு, சனலின் உட்பக்கத்தோடு பட்டி போட்டு இறுக்கினால் போதும். அதற்கும் மேல் ஒரு தகடு வேண்டுமென்றால் ஒட்டாமல் போல்ட்டில் பூட்டுங்கள், சேறு விழ இடைவெளி விடுங்கள். அந்தத் தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தும் எச்சங்கள் இன்னும் கண்டெடுக்கப்படுகின்றன. என்னவென்று தெரியாத உருளை, மூடிய குழாய், கோது எதையும் அராவவோ வெட்டவோ ஒட்டவோ கூடாது. தொடாமல் விட்டு 119 இற்கு அறிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் செய்ய வசதி இல்லாதவர்கள் ஓர் இடத்தையாவது வருடத்துக்கு இரண்டு முறை, மாரி மழைக்கு முன்பும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிப் புறப்படுவதற்கு முன்பும் பாருங்கள். இழுவைச் சட்டம் பெட்டியின் முன் குறுக்குச் சட்டத்தோடு சேரும் ஒட்டு அது. பெட்டியின் முழுப் பாரத்தையும் இழுப்பதும், ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து நிமிர்வதும் அந்த ஒட்டுத்தான். சேற்றைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெயின்ற்றுக்கு மேலே மெல்லிய கறள் கோடு நூல் பிடித்ததுபோல ஓடினால், அதன் கீழே வெடிப்பு இருக்கிறது. அதைக் கண்டால் ஆட்களையும் ஏற்ற வேண்டாம், நெல்லையும் ஏற்ற வேண்டாம். வெறும் பெட்டியை மெதுவாக ஒட்டு வேலைக்காரரிடம் கொண்டு போங்கள்.